சீபேப் மெஷின் வாங்கப் போறீங்களா? டீலர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் வந்த அன்னைக்கு நமக்கு ஒண்ணும் புரியாது. டாக்டர் "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது, சீபேப் போட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட கூப்புட்டுருவாரு, வெளில வந்தா ஒரு விசிட்டிங் கார்டு கைக்கு வந்துரும், நாம பஸ் ஏறி வீடு வந்து சேர்றதுக்குள்ள அந்த கார்டுக்காரரு மூணு தடவ போன் பண்ணிருப்பாரு. எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல ஒரு ஊர்ல உரக்கடை வச்சிருக்கேன், நாலு வருஷமா மெஷின் போட்டுத்தான் தூங்குறேன். எனக்கப்புறம் எங்க அத்தைக்கு, ஒரு சிநேகிதருக்கு, கடைக்கு வர்றவங்க ரெண்டு மூணு பேருக்குன்னு கூடவே போயி வாங்கிக் குடுத்ததுல, டீலருங்க எங்க வழுக்குவாங்கன்னு ஓரளவு பிடிபட்டுருச்சு. மெஷின் எந்த கம்பெனிங்கறத பத்தி எல்லாரும் மண்டைய உடைச்சுக்கறாங்க, ஆனா வித்தவரு வித்ததுக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கு வருவாரா மாட்டாராங்கறத யாரும் கேக்கறதில்ல. அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்குவோம். சீபேப் ஆக்சிஜன் மெஷின் கெடயாது. கொரோனாவுக்கு அப்புறம் நம்ம பக்கம் மூஞ்சில மாஸ்க் மாட்டுனாலே "ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம்"னு தெரு பூரா சேதி போயிருது, என்னையவே ஹார்லிக்ஸ் பாட்டிலோட பாக்க வந்துட்டாங்க. ரூம்ல இருக்கற காத்தையே இழுத்து, கொஞ்சம் அழுத்தத்தோட மூக்கு வழியா அனுப்பும், அந்த அழுத்தம் தூக்கத்துல தொண்டை ஒட்டிக்காம தாங்கிப் புடிக்கும், அவ்ளோதான் சமாச்சாரம். ஆஸ்திரேலியாவுல கொலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் 1981லயே இத எழுதிட்டாரு, அதனால ஏதோ புதுசா வந்த வியாபாரம்னு பயப்பட வேணாம். அதேமாதிரி எதாவது டீலர் உங்களுக்கு சீபேப் கேட்டா ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சேத்து வாங்கிக்கங்கன்னு சொன்னா, டாக்டர் சீட்டுல அது எழுதிருக்கான்னு மட்டும் கேளுங்க, பேச்சு நின்னுரும்.

சரி, மொத வேல. ரிப்போர்ட்ட முழுசா வாங்கி கையில வைங்க. வாட்ஸ்அப்ல ஒரு பக்கம் போட்டோ அனுப்புவாங்க, அது போதாது, எல்லா பக்கமும் பிடிஎஃப்பா கேளுங்க. அதுல ஏஹெச்ஐன்னு ஒரு நம்பர் இருக்கும், மணிக்கு எத்தன தடவ மூச்சு நிக்குது இல்ல நல்லா கொறையுதுங்கற கணக்கு, பத்து செகண்டாவது நீடிச்சாத்தான் ஒண்ணுன்னு எண்ணுவாங்க. 5க்கு கீழ இருந்தா சாதாரணம், 5லேருந்து 15 லேசு, 15லேருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல போனா கடுமை. கூடவே ஆக்சிஜன் எவ்ளோ வரைக்கும் இறங்குச்சுன்னும் இருக்கும். இந்த ரெண்டயும் ஒரு டைரில எழுதி வச்சுக்கங்க, பின்னாடி மெஷின் வேல செய்யுதான்னு பாக்க இதுதான் அளவுகோல்.

இங்க ஒரு உள்குத்து இருக்கு. நம்ம பக்கம் நெறைய எடத்துல ஸ்லீப் ஸ்டடிய வீட்டுக்கு வந்து பண்றதே மெஷின் விக்கிற டீலர்கிட்ட வேல பாக்கற பையன்தான். விரல்ல ஒரு கிளிப், மூக்குல ஒரு குழாய், நெஞ்சுல ஒரு பெல்ட்டு கட்டிட்டு போயிருவாரு, காலைல வந்து எடுத்துக்குவாரு. டெஸ்ட்டு ஃப்ரீ, இல்லன்னா ரொம்ப கம்மி காசு. டெஸ்ட்டு பொய்யின்னு நான் சொல்ல வரல, வீட்டுல பண்ற டெஸ்ட்டும் நல்ல டெஸ்ட்டுதான், ஆனா கம்ப்யூட்டர் தானா போட்ட கணக்க ஒரு மனுஷன் உக்காந்து சரி பாத்தாரா, எந்த டாக்டர் கையெழுத்து போட்டுருக்காருங்கறத கேட்டே ஆகணும். ரிப்போர்ட்டுல டாக்டர் பேரு, ரெஜிஸ்டர் நம்பர் இல்லன்னா அத எடுத்துக்கிட்டு வேற ஒரு நுரையீரல் டாக்டர்கிட்டயோ காதுமூக்குதொண்டை டாக்டர்கிட்டயோ காட்டுங்க. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் பொழுத ஒதுக்கிட்டு போனாலும் சரி, திருச்சி போனாலும் சரி, விக்கிறவருக்கு சம்பந்தமில்லாத ஒரு கண்ணு அந்த ரிப்போர்ட்ட பாக்கணும்.

ரெண்டாவது, டாக்டர் சீட்டு. "சீபேப்"னு ஒத்த வார்த்த எழுதுன சீட்டோட கெளம்பாதீங்க. சாதா சீபேப்பா (ஒரே அழுத்தம்), ஆட்டோவா (தேவைக்கு தக்கபடி அழுத்தத்த தானே மாத்திக்கறது), பைபேப்பா (மூச்சு இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம்), பிரஷர் எவ்ளோலேருந்து எவ்ளோ வரைக்கும், ஹியூமிடிஃபையர் (காத்த ஈரமாக்கற தண்ணி டேங்க்) வேணுமான்னு எழுதி வாங்குங்க. இது ஏன்னா ஆட்டோ மெஷின் ஃபேக்டரிலேருந்து வர்றப்ப பிரஷர் 4லேருந்து 20 வரைக்கும்னு (தண்ணி சென்டிமீட்டர் கணக்கு) தொறந்து கெடக்கும், நெறைய பேரு அத அப்படியே வச்சு மாட்டி விட்டுட்டு போயிருவாங்க. குண்டா இருக்கற ஆளுக்கு 4ல ஆரம்பிச்சா காத்தே பத்தாது, தலகாணிய மூஞ்சில அமுக்குன மாதிரி இருக்கும், எனக்கு மொத பத்து நாள் அப்படித்தான், மெஷினே ஆகாதுன்னு தூக்கி பரண்ல போட இருந்தேன். அப்புறம் டாக்டர் கீழ் அளவ 7க்கு ஏத்தி விட்டதும் அன்னைக்கு ராத்திரியே சரியாச்சு. உங்களுக்கு எவ்ளோன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், என் நம்பர காப்பி அடிக்காதீங்க. அதேமாதிரி சாதா ஆப்னியாவுக்கு, அதாவது தூக்கத்துல மூச்சு நிக்கற வியாதிக்கு, பைபேப்ப தள்ளி விடப் பாப்பாங்க, விலை கூடுதல்ங்கறதால. டாக்டர் எழுதுனாத்தான் பைபேப்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வருவோம். டீலர புடிக்கறது.

கார்டு குடுத்தவரோட சேத்து கொறஞ்சது மூணு பேருக்கு போன் போடுங்க. தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ ஒருத்தர், திருச்சில ஒருத்தர், மெட்ராஸ்ல ஒருத்தர். மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்களும் பெரும்பாலும் இந்த மூணு எடத்த நம்பித்தான் இருக்கணும். அத்தைக்கு வாங்குறப்ப ஒரே மாடலுக்கு மூணு பேரு சொன்ன விலையில ரூ.14,000 வித்தியாசம் இருந்துச்சு. மாட்டுச்சந்தைல துண்ட போத்தி விரல புடிக்கற வியாபாரம் மாதிரி இதுலயும் எம்ஆர்பி ஒண்ணு, கேட்டா சொல்ற விலை ஒண்ணு, இன்னொருத்தர் விலைய சொன்னதும் இறங்குற விலை ஒண்ணு. ஆனா விலைய கடைசில பேசுங்க. மொதல்ல கேக்க வேண்டியது வேற.

"உங்க டெக்னீஷியன் எந்த ஊர்ல இருக்காரு?" இத மொதல்ல கேளுங்க. நான் வாங்குன மொத டீலர்கிட்ட கேக்கல. மாஸ்க்லேருந்து காத்து பீச்சிக்கிட்டு நேரா கண்ணுல அடிக்கும், காலைல எந்திரிச்சா கண்ணு செக்கச்செவேல்னு இருக்கும், வீட்டுக்காரம்மா "ராத்திரி பூரா சாரப்பாம்பு சீறுற மாதிரி இருக்கு, கொறட்டையே தேவலாம்"னுட்டாங்க. போன் பண்ணா "சார், நம்ம ஆளு ராமநாதபுரம் லைன்ல இருக்காரு, வந்ததும் அனுப்புறேன் சார்". அடுத்த வாரம் பண்ணா "புதுக்கோட்டை வந்துட்டாரு சார்". அந்த மனுஷன் தமிழ்நாடு பூரா சுத்துனாரு, பாபநாசம் மட்டும் வரவே இல்ல. பணம் கட்டுறதுக்கு முந்தி ஒரு நாளைக்கு நாலு தடவ போன் பண்ணவருதான் இவரு.

அடுத்து, மெஷின் ரிப்பேர்னு போச்சுன்னா சரியாகி வர்ற வரைக்கும் மாத்து மெஷின் தருவீங்களான்னு கேளுங்க. "அதெல்லாம் ரிப்பேரே ஆகாது சார்"னு சொன்னா, ஆகாதுல்ல, அப்ப எழுதிக் குடுக்கறதுல என்ன கஷ்டம்னு கேளுங்க. வாரண்டி யாரோடது, கம்பெனி வாரண்டியா இல்ல இவரா வாய்ல சொல்ற வாரண்டியா. மாஸ்க் சேரலன்னா எத்தன நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க. இந்த மாஸ்க்கோட குஷன் (மூஞ்சில படற மெத்து) மட்டும் தனியா கெடைக்குமா, அது எவ்ளோ, ஸ்டாக் வச்சிருக்கீங்களா. இந்த கடைசி கேள்விய யாரும் கேக்கறதில்ல, ஆனா மெஷின் ஒரு தடவ வாங்குறது, குஷன் வருஷா வருஷம் வாங்குறது. விலை கம்மியா ஒரு மாஸ்க்க மாட்டி விட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு குஷன் கிழிஞ்சுதுன்னா "தனியா வராது சார், முழு மாஸ்க்கா எடுங்க"ம்பாங்க.

லைசென்ஸ் பத்தியும் கேக்கலாம், தப்பில்ல. மெடிக்கல் டிவைஸ் விக்கறதுக்கு மருந்துக்கடை லைசென்ஸ் இருக்கணும், இல்லன்னா எம்டி-42ன்னு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் சான்றிதழ் இருக்கணும். "எம்டி-42 இருக்காங்க?"ன்னு சாதாரணமா கேட்டுப் பாருங்க, ஒழுங்கா தொழில் பண்றவரு உடனே போட்டோ அனுப்புவாரு. மத்தவங்க "அது எதுக்கு சார் உங்களுக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க, அப்பவே ஆள எட போட்டுறலாம்.

பேசி முடிச்சதும் "சார், இப்ப சொன்னத எல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டுருங்க"ன்னு சொல்லுங்க. அவங்க போடலன்னா நீங்களே போடுங்க, "நீங்க சொன்னபடி மாஸ்க் 30 நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க, சரிங்களா"ன்னு. ஒரு "ஓகே சார்" வந்தா போதும், அது பின்னாடி சோறு போடும். "இன்னியோட ஆஃபர் முடியுது"ன்னு அவசரப்படுத்துனா, ஆடித் தள்ளுபடியே ஒரு மாசம் ஓடுது, இது ஓடாதான்னு நெனச்சுக்கிட்டு போன வச்சிருங்க.

மூணாவது, வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கறது. நல்ல டீலருங்க 15 நாளைக்கோ ஒரு மாசத்துக்கோ வாடகைக்கு குடுப்பாங்க, வாங்குனா அந்த வாடகைய விலையில கழிச்சுக்குவாங்க, கழிப்பீங்களான்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க. ரெண்டு விஷயம். ஒண்ணு, மாஸ்க்கும் டியூபும் உங்களுக்குன்னு புதுசா வாங்கணும், அடுத்தவங்க மூஞ்சில இருந்தது வேணவே வேணாம், ஃபில்டரும் புதுசு போடச் சொல்லுங்க. ரெண்டு, எந்த மாடல் வாங்கப் போறீங்களோ அதையே ஓட்டிப் பாருங்க, வாடகைக்கு ஒரு கம்பெனி, விக்கறப்ப வேற கம்பெனின்னா அந்த ட்ரையலுக்கு அர்த்தம் இல்ல. அட்வான்ஸ் குடுத்தா ரசீது. திருப்பிக் குடுக்குறப்ப மெஷின போட்டோ புடிச்சுக்கங்க, "கீறல் விழுந்துருக்கு"ன்னு அட்வான்ஸ்ல புடிக்கறவங்களும் இருக்காங்க.

மாஸ்க்குக்கு வருவோம், இங்கதான் நெறைய பேரு வெறுத்துப் போயி நிறுத்திடுறாங்க. மூணு ரகம் உண்டு. மூக்க மட்டும் மூடுறது, மூக்கு ஓட்டைல ரெண்டு மெத்து மாதிரி சொருகிக்கறது, மூக்கு வாய் ரெண்டயும் மூடுறது. வாயத் தொறந்து தூங்கறவங்களுக்கும் எப்பவும் மூக்கடைப்பு இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் மூணாவதுதான் சரிப்படும். மீசை பெருசா இருந்தா அது ஒரு பிரச்சன, மாஸ்க் ஓரம் முடி மேல உக்காந்தா காத்து கசியும். நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவங்களா இருந்தா கிளிப்புல காந்தம் இல்லாத மாஸ்க்கா கேட்டு வாங்குங்க, பல மாஸ்க்குல தலைய சுத்திப் போற வார்ப்பட்டைய மாட்டற எடத்துல காந்தம் இருக்கும், கம்பெனிக்காரங்களே எச்சரிச்சிருக்காங்க.

அப்புறம் மூக்குத்தி. இத எந்த வழிகாட்டிலயும் போட மாட்டாங்க. எங்க அத்தைக்கு எழுவது வயசு, எட்டுக்கல் பேசரி போட்டுருப்பாங்க, கல்யாணத்தப்ப குத்துனது. மொதல்ல வந்த பையன் மூக்க மட்டும் மூடுற சின்ன மாஸ்க்க வச்சுப் பாத்தான், ஓரம் சரியா பேசரி மேல ஏறி உக்காந்துக்குது, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு காத்து வெளில போகுது. "அம்மா, அந்த மூக்குத்திய கழட்டிட்டா செட்டாயிரும்மா"ன்னான். அத்தை கட்டில்ல உக்காந்தபடியே அவன ஒரு பார்வ பாத்தாங்க. "தம்பி, உங்க மாமா போனப்பயே நான் இத கழட்டல. உங்க மெஷினுக்கு கழட்டுவேனா?" பையன் வாய மூடிக்கிட்டான். அடுத்து திருச்சி டீலர கூப்புட்டோம், அவரு ஒரு பையில மூணு ரகம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சைசு எடுத்துக்கிட்டு வந்தாரு. அத்தைய உக்கார வச்சு பாக்கல, படுக்க வச்சு, தலகாணி வச்சு, மெஷின ஓட விட்டு, இடது பக்கம் திரும்பச் சொல்லி வலது பக்கம் திரும்பச் சொல்லி, ஓரத்துல கைய வச்சு காத்து வருதான்னு தடவித் தடவிப் பாத்தாரு. கடைசில மூக்கு வாய் ரெண்டயும் மூடுற மாஸ்க்ல மீடியம் சைசு, பேசரி முழுசா உள்ள போயி எங்கயும் இடிக்காம உக்காந்துச்சு. முக்கா மணி நேரம் ஆச்சு. விலை மத்தவங்கள விட ரூ.3,000 கூடத்தான் சொன்னாரு, பேசாம குடுத்தோம்.

ஆக மாஸ்க்க படுத்துக்கிட்டு, மெஷின் ஓடறப்ப, உங்க பிரஷர்ல போட்டுப் பாக்கணும். நிக்கறப்ப இருக்கற மூஞ்சி வேற, படுக்கறப்ப இருக்கற மூஞ்சி வேற. வார்ப்பட்டைய இறுக்குனா கசிவு நிக்கும்னு எல்லாரும் இறுக்குவாங்க, மூக்குத்தண்டுல புண்ணு வரும், கசிவும் நிக்காது. ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு தளர்வா இருக்கணும். எண்ண தேச்சு குளிச்ச சனிக்கிழம ராத்திரி மாஸ்க் வழுக்கிக்கிட்டே இருக்கும், மூஞ்சிய சோப்பு போட்டு கழுவிட்டு மாட்டுங்க, எண்ண மாஸ்க்கோட சிலிக்கோன் ரப்பர சீக்கிரம் கெடுத்துரும்.

நாலாவது, மெஷின் வீட்டுக்கு வர்ற நாள். பெட்டிய அவங்க முன்னாடியே பிரிங்க. பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பர், மெஷின் அடில இருக்கற சீரியல் நம்பர், பில்லுல இருக்கற சீரியல் நம்பர், மூணும் ஒண்ணா இருக்கணும். வெளிநாட்டு மெஷினா இருந்தா இறக்குமதி பண்ண கம்பெனி பேரு, எம்ஆர்பி எல்லாம் ஸ்டிக்கர்ல இருக்கணும், அது இல்லாம வெறும் பெட்டியா வந்தா யாரோ சூட்கேஸ்ல கொண்டாந்த சரக்கு, இங்க வாரண்டி செல்லாது. ஜிஎஸ்டி பில் வேணும், "பில் இல்லாம ரூ.5,000 கம்மி பண்ணித் தரேன்"னா வேணாம்னுருங்க. மெஷின ஆன் பண்ணி மெனுல எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு பாருங்க, பெரும்பாலான மெஷின்ல பாக்கலாம், புது மெஷின்ல ஐநூறு மணி நேரம் ஓடிருந்தா அது யாரோ வாடகைக்கு ஓட்டுனது. கடைசியா டாக்டர் சீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு பிரஷர் அளவு அதேதானான்னு காட்டச் சொல்லி அந்த ஸ்கிரீன போட்டோ எடுத்துக்கங்க.

பணத்த மொத்தமா குடுக்காதீங்க. அத்தைக்கு வாங்குனப்ப ஒரு பகுதிய நிறுத்தி வச்சு, "பத்து நாள் கழிச்சு வந்து டேட்டா பாத்துட்டு போங்க, அப்ப தரேன்"னேன். பத்தாவது நாள் காலைல எட்டு மணிக்கு வாசல்ல நின்னாரு.

டேட்டான்னு சொன்னேன்ல, அது உங்களோடது. மெஷின் ராத்திரி எத்தன மணி நேரம் போட்டீங்க, ஏஹெச்ஐ எவ்ளோ, காத்து கசிவு எவ்ளோன்னு எல்லாத்தயும் எழுதி வச்சுக்கும். எஸ்டி கார்டு உள்ள மாடலா இருந்தா கார்டோட வாங்குங்க, அந்த கார்ட கம்ப்யூட்டர்ல போட்டு பாக்கறதுக்கு ஆஸ்கார்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, என் பையன்தான் போட்டுக் குடுத்தான், படம் பாத்தாலே புரியும். சில மெஷின் டேட்டாவ நெட்டுல அனுப்பும், அந்த லாகின் டீலர் கையில இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவ ரிப்போர்ட்டா எனக்கும் டாக்டருக்கும் அனுப்புங்கன்னு கேளுங்க. மெஷின் போட்டுருக்கறப்ப ஏஹெச்ஐ 5க்கு கீழ வரணும்ங்கறது பொதுவான இலக்கு. வரலன்னா டாக்டர்கிட்ட போங்க. டீலரே போன்ல "ரெண்டு பாயிண்ட் ஏத்தி விடுறேன் சார்"ம்பாரு, டாக்டர்கிட்ட கேட்டீங்களான்னு கேளுங்க, அளவ மாத்துறது அவரு வேல இல்ல.

நம்ம மண்ணுக்குன்னு சில தொல்ல இருக்கு, அத கம்பெனி புக்குல தேடாதீங்க. அறுப்பு காலம் ஒண்ணு. குறுவை அறுக்குறப்பயும் தை மாசி சம்பா அறுப்புலயும் அறுப்பு மெஷின் வயல்ல ஓடுனா வீடு பூரா பதர்த்தூசு, வைக்கோல கொளுத்துனா பொக. சாதாரணமா மாசம் ஒரு ஃபில்டர்னு வச்சுக்கங்க, அறுப்பு சமயத்துல வாரா வாரம் எடுத்துப் பாருங்க, சாம்பக் கலரு வந்துருந்தா மாத்திருங்க, பத்து ஃபில்டரா மொத்தமா வாங்கி வைக்கறது லாபம். தண்ணி இன்னொண்ணு. ஹியூமிடிஃபையர்ல போர் தண்ணி ஊத்துனா பத்தே நாள்ல வெள்ளையா உப்பு படிஞ்சுரும், கடலோரம் இருக்கறவங்களுக்கு கேக்கவே வேணாம். காய்ச்சுன தண்ணில கிருமி சாகும், உப்பு போவாது. டிஸ்டில்டு வாட்டர்தான், அதையும் மருந்துக்கடைல சீல் போட்டது வாங்குங்க, பேட்டரிக்கு ஊத்தறதுன்னு லேபில் இல்லாத கேன்ல விக்கறது வேணாம். தெனமும் காலைல மிச்ச தண்ணிய கொட்டிருங்க. டேங்க்ல தண்ணி இருக்கறப்ப மெஷின தூக்கவே கூடாது, தண்ணி மோட்டாருக்குள்ள போனா வாரண்டில பாக்க மாட்டாங்க, எங்க சிநேகிதர் கட்டில நகத்துறேன்னு மெஷினோட சேத்து நகத்தி அப்படித்தான் போச்சு. மெஷின தலைக்கு மேல செல்ஃப்ல வைக்காம கட்டில விட தாழ்வா ஸ்டூல்ல வைங்க. மார்கழில குழாய்க்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு களகளன்னு சத்தம் வந்தா ஹியூமிடிட்டிய ஒரு புள்ளி கொறைங்க, பழைய வேட்டிய கிழிச்சு குழாய்க்கு சுத்துனாலும் நிக்கும். பகல்ல குழாய ஆணில தொங்க விடுங்க, இல்லன்னா எறும்பு குடி வந்துரும்.

கரண்ட். பராமரிப்பு நிறுத்தம் பகல்லதான் வருது, அது பரவால்ல, மழ காத்து சமயத்துலதான் ராத்திரி போகும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலைல அடிச்சுதே, வேதாரண்யம் பக்கம் எத்தன வாரம் இருட்டுல கெடந்தாங்கன்னு நமக்கு தெரியும். வீட்டு இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவா இல்ல ஸ்கொயர் வேவான்னு பாருங்க, சைன் வேவ்தான் மெஷினுக்கு நல்லது. ஹியூமிடிஃபையர் ஹீட்டர அணைச்சாலே இழுக்கற கரண்ட் பாதிக்கு மேல கொறஞ்சுரும். குத்துமதிப்பா ஒரு கணக்கு, 12 வோல்ட்டு 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரில 1,800 வாட்-ஹவர், பேட்டரி பழசு, இன்வெர்ட்டர் தின்னுறதுன்னு போக பாதின்னு வைங்க, 900. ஒரு ஃபேன் 70 வாட்டு, ஹீட்டர் இல்லாம மெஷினுக்கு தாராளமா 30 வாட்டு, ஆக 100. ஒம்போது மணி நேரம், ஒரு ராத்திரிக்கு தாங்கும். பேட்டரிலேருந்து நேரா வயர் இழுத்து மாட்டுற வேல மட்டும் வேணாம், பல மெஷின் 24 வோல்ட்டு, அதுக்குன்னு கன்வெர்ட்டர் கேபிள் இருக்கு, டீலர்கிட்ட வாங்கும்போதே விலை கேட்டுருங்க.

ஆன்லைன்ல வாங்கலாமான்னு கேப்பீங்க. ஃபில்டர், குழாய், ஏற்கனவே போட்டுப் பழகுன மாஸ்க்கோட குஷன் இதெல்லாம் தாராளமா வாங்குங்க, சில சமயம் டீலர விட கம்மி. மொத மெஷின், மொத மாஸ்க், வேணாம். செகண்ட் ஹேண்ட் மெஷின் விஷயத்துல ஒண்ணு ஞாபகம் வைங்க, 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி தன்னோட பழைய ட்ரீம்ஸ்டேஷன் உள்பட நெறைய மாடல திரும்ப எடுத்துக்குறேன்னு அறிவிச்சுது, உள்ள சத்தத்துக்கு வச்ச நுரை பொடிஞ்சு காத்தோட வரலாம்னு. அந்த காலத்து மெஷின் இன்னமும் கை மாறிக்கிட்டு இருக்கு. சும்மா குடுத்தாலும் சீரியல் நம்பர சரி பாக்காம மூஞ்சில வைக்காதீங்க.

இன்சூரன்ஸ் சுருக்கமா. வீட்டுல வச்சு போடற மெஷினுக்கு தனியார் மெடிக்ளெய்ம்ல பெரும்பாலும் காசு வராது, பாலிசில எழுதிருந்தா உண்டு, ஏஜண்டு வாயால சொன்னத நம்பாதீங்க. மத்திய அரசு ஊழியர், பென்ஷன்காரங்களுக்கு சிஜிஎச்எஸ்ங்கற மருத்துவ திட்டத்துலயும், ராணுவத்துல இருந்தவங்களுக்கு ஈசிஎச்எஸ்ங்கற திட்டத்துலயும் வழி இருக்கு, ஆனா முன்அனுமதி வாங்கிட்டு அப்புறம்தான் மெஷின் வாங்கணும், வாங்கிட்டு பில்ல நீட்டுனா அலைய விட்டுருவாங்க.

கடைசியா, ஏமாத்திட்டாங்கன்னா என்ன பண்றது. சண்ட போடாதீங்க, போன்ல கத்துறது காத்தோட போயிரும். தேதி வாரியா வாட்ஸ்அப்ல எழுதுங்க, அப்புறம் ஒரு ரிஜிஸ்டர் தபால். மெஷின் கம்பெனியோட இந்திய ஆபீஸ் மெயிலுக்கு சீரியல் நம்பரோட எழுதுங்க, டீலர் அவங்களுக்குத்தான் பயப்படுவாரு. அதுக்கும் மசியலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணம் கெடயாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், முக்கியமா டீலர் மெட்ராஸ்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 2019 சட்டத்துல அது வந்துருச்சு. நெறைய பேருக்கு இது தெரியாம, மெட்ராஸ் வரைக்கும் யாரு அலையறதுன்னு விட்டுடுறாங்க.

என் மொத டீலருக்கு நான் அவ்ளோ தூரம் போகல. கம்பெனி ஆபீஸுக்கு மெயில் போட்டு, அவரு "ஓகே சார்" போட்ட பழைய மெசேஜ போட்டோ எடுத்து அனுப்புனேன். மூணாவது நாள் போன் வந்துச்சு, "சார், மாஸ்க்க திருச்சிலேருந்து கும்பகோணம் பஸ்ல குடுத்து விட்டுருக்கேன், கண்டக்டர் நம்பர் அனுப்புறேன், பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கங்க." டெக்னீஷியன் வரலீங்களான்னு கேட்டேன். அவரு சிவகங்கைல இருக்காராம்.